ஜார் பட்டமும் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டும்

சென்னையிலிருந்து ஆங்கில வரலாற்று நூல்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்யும் எனக்கு, ரஷ்யாவைப் பற்றிய கைப்பிரதி வந்தால், நூல் முழுவதும் பின்பற்ற வேண்டிய எழுத்துமுறை முடிவுகளைக் குறித்துவைக்கும் ஸ்டைல் ஷீட்டில் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது, ரஷ்யப் பேரரசர்களைக் குறிக்கும் ஜார் பட்டத்தின் எழுத்துக்கூட்டுதான். ஆங்கிலத்தில் அது டி-எஸ் என்று தொடங்கும் வடிவிலும் சி-இசட் என்று தொடங்கும் வடிவிலும் வழங்குகிறது. அகராதிகள் இரண்டையும் ஏற்பதால், அகராதியைக் காட்டி முடிவெடுத்துவிட முடியாது.

சீசர் என்ற ரோமானியப் பெயரே ஸ்லாவிய மொழிகளில் சுருங்கி இப்பட்டமாயிற்று. ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்தில் இதன் முதலெழுத்துக்கு ‘ட்ஸ்’ என்பதே ஒலி. டி-எஸ் கூட்டு அதை நேராகக் காட்டுகிறது. சி-இசட் வடிவமோ, மாஸ்கோவுக்குத் தூதராகச் சென்ற ஹெர்பர்ஸ்டைன் 1549-இல் லத்தீனில் வெளியிட்ட நூலின் வழியே மேற்கு ஐரோப்பாவில் பரவியது. பார்வைக்குப் போலிஷ் எழுத்துக்கூட்டுபோல் தோன்றினாலும், போலிஷ் மொழியில் சி-இசட் கூட்டுக்கு ‘ச்’ என்ற ஒலியே உண்டு; போலிஷ்காரர்களே இப்பட்டத்தை வெறும் ‘சி’ போட்டுத்தான் எழுதுகிறார்கள். இருந்தும் அமெரிக்கச் செய்தித்தாள்களில் சி-இசட் வேரூன்றிவிட்டது. ஒரு துறைக்கு முழு அதிகாரத்துடன் அமர்த்தப்படும் அதிகாரியை அங்கே அப்படித்தான் குறிக்கிறார்கள், அதில் நான் கைவைப்பதில்லை. வரலாற்று நூலென்றால், அமெரிக்கப் பதிப்பாக இருந்தாலும், டி-எஸ் வடிவத்தையே பரிந்துரைக்கிறேன். துறை ஆய்வாளர்களிடம் பெரிதும் வழங்குவதும் அதுவே.

கவனம் முழுவதையும் கேட்பவை இப்பட்டத்தின் கிளைச்சொற்கள். அரசியை ரஷ்யர்கள் சாரித்சா என்கிறார்கள், ஆனால் ஆங்கில வாசகருக்குப் பழகியது சாரினா. பொது வாசகருக்கான நூலில் அதைத் திருத்துவது வீண் கண்டிப்பு என்றே கருதுகிறேன். சாரேவிச், செசாரேவிச் என்ற இரண்டும் அப்படியல்ல. முன்னது ஜாரின் எந்த மகனுக்கும் பொருந்தும். பின்னது, பேரரசர் பவுல் 1797-இல் இயற்றிய வாரிசுரிமைச் சட்டத்துக்குப்பின், பட்டத்துக்குரிய வாரிசுக்கே உரியது. 1718-இல் சிறையில் இறந்த மகா பீட்டரின் மகன் அலெக்ஸி சாரேவிச். 1904-இல் பிறந்த இரண்டாம் நிக்கோலஸின் மகன் அலெக்ஸி செசாரேவிச். எழுத்துக்கூட்டை ஒருமைப்படுத்துவதாக எண்ணிக் கோப்பு முழுவதும் ஒரே கட்டளையில் மாற்றினால், இரு நூற்றாண்டுகளின் இரு இளவரசர்களும் ஒரே பட்டத்துக்குள் அடைபட்டுவிடுவார்கள். ஆகவே ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே பார்த்து, ஐயமுள்ள இடங்களில் ஆசிரியருக்குக் குறிப்பு எழுதிக் கேட்கிறேன். மேற்கோளாக வரும் பழைய கடிதங்களிலும் நூல் தலைப்புகளிலும் சி-இசட் இருந்தால், அது இருந்தபடியே இருக்கவேண்டும்.

பட்டம் ரஷ்யாவுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் எடிட்டர் மறக்கலாகாது. நான்காம் இவான் 1547-இல் ஜாராக முடிசூடுவதற்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே, 1346-இல் ஸ்டெஃபான் துஷான் ஸ்கோப்யேயில் செர்பியர்களின் ஜாராக முடிசூடினார். பல்கேரிய அரசர்கள் அவருக்கும் முன்பே இப்பட்டத்தைச் சூடியவர்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: செர்பியரின் லத்தீன் எழுத்தில் இப்பட்டம் சி-ஏ-ஆர் என்றே அமையும், ஆங்கில வாசகர் அதை மோட்டார் வண்டி என்றுதான் படிப்பார். அதனால் துஷானுக்கும் டி-எஸ் வடிவத்தையே இட்டு, செர்பிய வடிவத்தை முதல் முறை வரும் இடத்தில் மட்டும் சாய்வெழுத்தில் காட்டும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொள்கிறேன்.