நூறு பாகையைத் தொடும் புரொசசர்: கல்லடி நாட்குறிப்பு

ஓகஸ்ட் 3, 2024

மருமகன் தானே பாகங்களை வாங்கிப் பூட்டிய கணினி, வீடியோ ஒன்றை எடிட் செய்யத் தொடங்கினாலே அடுத்த அறைக்குக் கேட்கும்படி இரைகிறது. உள்ளே இருக்கும் புரொசசர், அதாவது கணக்குகளைச் செய்யும் சிப், இன்டெல் கோர் ஐ5 12400. அதைக் குளிர்விக்கும் கூலரும் அதனுடன் சேர்ந்து வந்ததுதான். வெப்பத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து பார்த்தபோது, வேலை எதுவும் இல்லாத நிலையிலேயே 51 பாகை காட்டியது. புரொசசருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்சை ஓடவிட்டதும் சில விநாடிகளில் 100ஐத் தொட்டது. அந்த 100 பாகைதான் இந்தப் புரொசசருக்கு இன்டெல் வைத்துள்ள எல்லை. அதைத் தொட்டால் உடனே எரிந்துவிடாது. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஒருவாறு சமாளிக்கும். வீடியோ வெளிவர இவ்வளவு நேரம் எடுப்பதற்குக் காரணம் அதுவே.

“எல்லாம் இந்தக் கச்சானால வாற சூடு மாமா” என்றான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகிக் கச்சான் காற்றாக நம் மட்டக்களப்புப் பக்கம் இறங்கும் மாதங்கள் இவை என்பதால் அவன் சொல்வதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அறையின் வெப்பம் 5 பாகை கூடினால் புரொசசரும் ஏறத்தாழ 5 பாகைதான் கூடும். அறை 33இல் இருக்க, புரொசசர் 100இல் நிற்பதற்குக் காற்றைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஓகஸ்ட் 4

பக்க மூடியைக் கழற்றி, மேசை மின்விசிறியை நேரே திருப்பி வைத்து அதே சோதனையைச் செய்தோம். 100 பாகை 97 ஆனது, அவ்வளவுதான். பெட்டிக்குள் சூடான காற்று தேங்குவதுதான் சிக்கல் என்றால், மூடியைத் திறந்ததும் வெப்பம் நன்றாக இறங்கியிருக்க வேண்டும்; அத்துடன், தேங்கும் காற்றினால் வரும் சூடு பல நிமிடங்களாகப் படிப்படியாக ஏறுமே தவிர, இப்படி விநாடிக் கணக்கில் பாய்ந்து ஏறாது. இன்னொன்றையும் கவனித்தேன்: புரொசசர் கொதித்துக்கொண்டிருக்கையில் ஹீட்சிங்கின், அதாவது கூலரில் வெப்பத்தை வாங்கும் உலோகப் பகுதியின், அலுமினிய விளிம்பைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. வெப்பம் உண்டாகிறது, ஆனால் கூலருக்குப் போய்ச் சேரவில்லை.

ஓகஸ்ட் 6

முன்பக்க வலையைத் துடைத்தேன். வாவிக்கும் கடலுக்கும் நடுவே குடியிருப்பதால் இங்கே தூசி உப்பீரத்துடன் சேர்ந்து பசைபோல ஒட்டிவிடுகிறது. ஊதினால் போகாது, தூரிகைதான் வேண்டும். வெப்பத்தில் மாற்றம் இல்லை.

ஓகஸ்ட் 10

சனிக்கிழமை என்பதால் மதர்போர்டையே வெளியே எடுத்தோம். விடை அதன் பின்புறத்தில் இருந்தது. கூலரைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் மூன்றின் நுனிகள் துளையைத் தாண்டிப் பிளந்து விரிந்து நின்றன. நான்காவதன் நுனி துளைக்குள்ளேயே ஒடுங்கியிருந்தது. கல்முனையிலிருந்து சாமான்களோடு பட்டா என்ற சிறு லொறியில் படுக்கப்போட்டு வந்த குலுக்கலில் அது நழுவியிருக்கலாம். கூலரைக் கழற்றியபோது, புரொசசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்த இடையில் பூசும் தேர்மல் பேஸ்ட் அந்த மூலையை அண்டி நசுங்காமல் தடிப்பாக இருந்தது. எதிர்மூலையில் அது மெல்லிய படலமாகப் பரவியிருந்தது.

பாமசியில் வாங்கிய ஐசோபுரொப்பைல் அல்ககோலால் இரு பரப்புகளையும் துடைத்து, புதிய பேஸ்டைக் கடலையளவு வைத்தோம். ஊசிகளை வரிசையாக அழுத்தக்கூடாது; ஒன்றை அழுத்தினால் அடுத்தது அதற்குக் குறுக்கே எதிரில் உள்ளதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூலர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ‘டக்’ என்ற சத்தத்தை மட்டும் நம்பாமல் பின்புறத்தையும் டோர்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

வேலையில்லாதபோது 40, முழு வேலையில் 79.

ஓகஸ்ட் 11

79 ஆபத்தில்லை என்றாலும் இரைச்சல் இன்னும் இருந்ததால், கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயோஸைப் பார்த்தேன். நீடித்த மின்வரம்பு 4095 வாட் என்று இருந்தது. வரம்பே இல்லை என்பதை மதர்போர்ட்கள் சொல்லும் விதம் அது. இந்தப் புரொசசருக்கு இன்டெல் குறித்துள்ள அடிப்படை அளவு 65 வாட், வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டும் டர்போவின் உச்சம் 117 வாட். சினிபெஞ்சில் 74 வாட் வரை இழுத்துக்கொண்டிருந்ததை 65இல் நிறுத்தியதும் வெப்பம் 72க்கு இறங்கியது. வேகம் குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. மின்விசிறியின் வேகமும் ஒவ்வொரு சிறு ஏற்றத்துக்கும் துள்ளாதபடி, வெப்பத்துக்கேற்ப அந்த வேகத்தைத் தீர்மானிக்கும் வளைவை 60 பாகைக்குப் பிறகே உயருமாறு அமைத்தேன்.

ஓகஸ்ட் 17

இன்று கச்சான் சன்னலை அறைந்துகொண்டிருக்கிறது. அறை 36 பாகை, முழு வேலையில் புரொசசர் 75. மருமகன் இப்போது தண்ணீர்க் கூலர் வாங்கலாமா என்று கேட்கிறான். அதுவும் வெப்பத்தை இந்த அறைக் காற்றிடம்தான் ஒப்படைக்கும். அறையின் வெப்பத்துக்குக் கீழே அதனாலும் இறக்க முடியாது. 65 வாட்டுக்கு அந்தச் செலவு வீண். முன்பக்கத்துக்கு ஒரு 120 மில்லிமீற்றர் விசிறி மட்டும் வாங்கச் சொல்லியிருக்கிறேன், காற்று உள்ளே வரும் பக்கமாகத் திருப்பிப் பூட்டுவதற்கு.