ஜனவரியில் பிளந்த பலகை

ஸ்வீடனுக்கு நான் வந்தது கம்பிக் கருவிகளின் ஒலியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யத்தான். உளி பிடிப்பேன் என்று நினைத்துப் பார்த்ததில்லை. இந்த நாட்டில் ஆய்வு மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் பணியாளர், பேராசிரியரிடமும் பெயர் சொல்லி ஒருமையில்தான் பேச வேண்டும் என்பதெல்லாம் சில மாதங்களில் பழகிவிட்டன. ஒருமை மட்டும் இன்றும் தொண்டையில் சற்றே சிக்கும். பழக நாளானது மரத்துக்கும் இந்தக் குளிருக்கும் உள்ள உறவு.

கம்பியை எந்த இடத்தில் மீட்டினால் ஒரு மேற்சுரம் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர்ந்த சுரம்) எழக்கூடாதோ, அங்கே மீட்டினாலும் வீணையில் அது எழுகிறது. கம்பியைத் தாங்கும் வளைந்த குதிரையே அதற்குக் காரணம் என்று சி.வி.ராமன் 1921இல் எழுதியதைப் படித்துத்தான் இந்தத் துறைக்குள் நுழைந்தேன். ஸ்டாக்ஹோமைத் தேர்ந்ததற்குக் காரணம், கிதாரின் முகப்பலகை அதிர்வதை லேசர் ஹோலோகிராமில் பதிந்து ஒலியியல் ஆய்வாளர் எரிக் யான்சன் 1971இல் கட்டுரை வெளியிட்டது இங்கிருந்து என்பதுதான்.

ஆய்வகத்தில் கணக்கு சரியாகவே வந்தது. கிதாரின் உட்காற்று ஏறத்தாழ 100 ஹெர்ட்சிலும் முகப்பலகை 200 ஹெர்ட்சை ஒட்டியும் ஒத்ததிர்கின்றன. ஆனால் பலகையைக் கால் மில்லிமீட்டர் இழைத்தால் காதுக்கு என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், என்னிடம் இருந்தது கணினி வரைபடம் மட்டுமே. எனவே சனிக்கிழமைகளில் முதிய கிதார்க் கைவினைஞர் ஒருவரின் பட்டறைக்குப் போகத் தொடங்கினேன். அவர் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரப் பலகையை இரண்டு விரல்களால் ஓரிடத்தில் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டுவார், காதருகே கொண்டுபோவார், மீண்டும் இரண்டு இழைப்பு இழைப்பார். நான் அதே பலகையில் தேயிலைத் தூளைத் தூவி, ஒலிபெருக்கியால் அதிரவைத்து, தூள் ஒதுங்கும் கோடுகளைக் காட்டினேன். அவர் விரல் பிடித்திருந்த இடத்தின் வழியாகவே ஒரு கோடு ஓடியது. அவர் வியக்கவில்லை. "கோடு சரி, தேயிலையைக் கூட்டிவிட்டுப் போ" என்றார்.

ஈரமான இலையுதிர்காலத்தில் நான் ஒட்டி முடித்த முதல் கிதார், ஜனவரியில் ஓர் இரவு, சுள்ளி ஒடிவது போன்ற ஓசையுடன் பிளந்தது. உறைகுளிர்க் காற்றில் நீராவி மிகக் குறைவு. அந்தக் காற்றே வீட்டுக்குள் சூடேறும்போது ஒப்பு ஈரப்பதம் 20 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். ஸ்ப்ரூஸ் நாரோட்டத்துக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்காது. அடியில் குறுக்காக ஒட்டியிருந்த சட்டம் விட்டுக்கொடுக்காததால் பலகைதான் பிளக்க வேண்டியிருந்தது. இது பாடமாகத் தெரிந்ததுதான், நானே வகுப்பில் விளக்கியதும்கூட. ஈரமூட்டிய பெட்டியில் பத்து நாள் வைத்தபின் விரிசல் மூடிக்கொண்டது. ஒலித்துளை வழியே கையை விட்டு, நகத்தளவு ஸ்ப்ரூஸ் துண்டுகளை அதன் குறுக்கே ஒட்டினேன்.

பிளப்பதற்கு முன்பும் ஒட்டிய பின்பும் அளந்த அதிர்வு வரைபடங்கள் என் ஆய்வேட்டில் ஓர் இயலாயின. ஆனால் பின்னாளில் ஒரு பணித்தேர்வுக் குழு, நான் செய்த கிதார்களைப் பொழுதுபோக்கு என்ற தலைப்பின்கீழ் மாற்றி எழுதச் சொன்னது. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. மரத்தை வெட்டியறியாதவன் கேட்கும் கேள்விகளைத்தானே முதல் இரண்டு ஆண்டுகளும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது என்னிடம் வரும் மாணவர்களுக்கு, ஒலிவாங்கியைக் கொடுப்பதற்கு முன் சுவரில் தொங்கும் ஈரப்பதமானியைக் காட்டுகிறேன். முள் 50ஐத் தாண்டியிருந்தால் அன்று பசைப் பானை அடுப்பேறாது.