ஞானத்தாய் பேரையும் எழுதிட்டு வாங்க

ஏற்காடு மலையில ஒரு கத்தோலிக்கக் கோயிலோட பங்கு ஆபீஸ்ல பல வருஷமா வேலை பாக்குறேன். ஞானஸ்நான சர்டிபிகேட் எழுதறது, கல்யாண ஓலைக்கு பேப்பர் ரெடி பண்றது, பூசைக்கு காசு கொடுக்கறவங்களுக்கு ரசீது போடறது, இதுதான் தினப்படி வேலை. இதுக்கு நடுவுல அப்பப்போ சிலபேர் வந்து "எங்க தாத்தாவோட அப்பா இங்க எஸ்டேட்ல இருந்தாராம், அவர் பேரு பழைய புக்குல இருக்குமா"ன்னு கேப்பாங்க. மலேசியாவுல இருந்து வராங்க, 1964 இந்தியா-சிலோன் ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைங்க வராங்க, கீழ சேலத்துல இருந்தே பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி வர்றவங்களும் உண்டு. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன், ஏன்னா முக்காவாசிப் பேர் ஒரே ஒரு பேரை மட்டும் கையில வச்சுக்கிட்டு வராங்க, அந்த ஒரு பேரை வச்சு ஒரு ஆளைக் கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம், ஆனா அந்த ஆளு பக்கத்துல யார் யார் நின்னாங்கன்னு பாத்தா பெரும்பாலும் கண்டுபிடிச்சிரலாம்.

ஞானஸ்நானம், கல்யாணம், மரணம்னு கோயில்ல எழுதி வைக்கற இந்த ரிஜிஸ்தருங்களுக்கு நான் ஏன் இவ்ளோ முக்கியத்துவம் கொடுக்கறேன்னு முதல்ல சொல்லிடறேன். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இந்த மலைக்கு காபியைக் கொண்டு வந்தாருன்னு எல்லாருக்கும் தெரியும். இங்க ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்குப் போனா ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கு நினைவுக்கல் இருக்கு, 1863-ல பல்லாவரத்துல பழைய கற்கால கோடாரியைக் கண்டுபிடிச்சவரு, ரிட்டயர் ஆகி ஏற்காட்டுலதான் இருந்தாரு. அவரோட மாமனார், தமிழ்ல பெரிய வேலை பாத்த பீட்டர் பெர்சிவல், 1882-ல இங்கதான் இறந்தாரு. அவங்களுக்கெல்லாம் கல்லு இருக்கு, புஸ்தகம் இருக்கு. அது போக அந்தக் கால இங்கிலீஷ் சர்ச்சுங்கள்ல நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாத்துக்கும் ஒரு நகல் மெட்ராஸ் வழியா லண்டனுக்குப் போச்சு, இன்னிக்கும் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. ஆனா அந்தக் காபித் தோட்டத்துல செடி நட்டு, பழம் பறிச்சு, மூட்டை தூக்கின ஜனங்களுக்கு பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது, சமாதிக்கு கல்லும் கிடையாது. அவங்க பேரு, அப்பா பேரு, அம்மா பேரு மூணும் சேந்து ஒரு இடத்துல எழுதியிருக்குன்னா அது இந்த ரிஜிஸ்தர்ல மட்டும்தான், அதுவும் அநேகமா அந்த ஒரே புஸ்தகத்துல. எஸ்டேட் ஜனங்க வரிசையா குடியிருந்த ஒரு லைன் வீட்டுல பொறந்து லைன் வீட்டுலயே செத்துப்போன பொம்பளையோட பேரை ஒரு சாமியார் மை தொட்டு எழுதி வச்சிருக்காரு, அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு கை கொஞ்சம் மெதுவாத்தான் போகும்.

சரி, எப்படிப் படிக்கறதுன்னு வருவோம். முதல்ல எந்த சபைன்னு தெரிஞ்சுக்கணும். சேலத்துல புராட்டஸ்டன்ட் சபையான லண்டன் மிஷன்காரங்க 1827-லயே வந்துட்டாங்க, அந்த சபைங்கதான் 1947-ல சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை ஆச்சு, அவங்க ரிஜிஸ்தர் வேற, நம்ம கத்தோலிக்க ரிஜிஸ்தர் வேற. கத்தோலிக்கம்னா பழசெல்லாம் லத்தீன். பயப்பட வேண்டியதில்ல, ஒரே மாதிரி வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும், பிலியுஸ்னா மகன், பிலியான்னா மகள், பாத்ரினுஸ்னா ஞானத்தகப்பன், மாத்ரினான்னா ஞானத்தாய், அதாவது ஞானஸ்நானத்துல பிள்ளைக்குப் பொறுப்பா நிக்கறவங்க, ஒரு பக்கம் பொறுமையா பாத்தா அடுத்த பக்கம் தானா வந்துரும். லத்தீனை விட கஷ்டம் கையெழுத்துதான். எழுதினவங்க நிறையப் பேர் பிரெஞ்சு சாமியாருங்க, பாரீஸ் மிஷன்காரங்க. அவங்க ஒண்ணு போட்டா நமக்கு ஏழு மாதிரி தெரியும், அவங்க ஏழுக்கு நடுவுல ஒரு கோடு இருக்கும், அந்தக் கோடு இல்லேன்னா அது ஒண்ணு. மாசத்துல இன்னொரு சங்கதி இருக்கு. எட்டுன்னு நம்பர் போட்டு பக்கத்துல பிரிஸ்னு சின்னதா எழுதியிருப்பாங்க, அது எட்டாவது மாசம் கிடையாது, அக்டோபர். ஏழு போட்டா செப்டம்பர், ஒம்பது நவம்பர், பத்து டிசம்பர். இது தெரியாம ஆகஸ்ட்னு எழுதிட்டுப் போயி, அப்புறம் வேற பேப்பரோட ஒத்து வரலேன்னு திரும்பி வந்தவங்க இருக்காங்க.

பேரு விஷயம் அதை விடப் பெருசு. ஒரு சாமியார் யோவான்னஸ்னு லத்தீன்ல எழுதுவாரு, அடுத்து வந்தவரு அதே ஆளை அருளப்பன்னு எழுதுவாரு. பேத்ருஸ்தான் ராயப்பன், பவுலுஸ்தான் சின்னப்பன், யோசேப்புஸ்தான் சூசை. தமிழ்ப் பேரை எழுதும்போதும் பிரெஞ்சு உச்சரிப்புலதான் எழுதுவாங்க, முத்துங்கற பேரு எம்முக்கு அப்புறம் ஓ, யூ ரெண்டும் சேந்து வரும், அதனால இங்கிலீஷ் அகரவரிசையில தேடினா கிடைக்காது. இது போக சர்ச்சுல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல ஒரு பேருன்னு இருக்கறது ரொம்ப சகஜம். 1950 ஜனாதிபதி உத்தரவுப்படி கிறிஸ்தவரானா எஸ்சி சலுகை கிடையாதுங்கறதால எத்தனையோ குடும்பங்கள்ல சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு பேரு, கோயிலுக்கு ஒரு பேருன்னு வாழ்ந்திருக்காங்க. அதை யாரும் குறையா சொல்லக்கூடாது, வயித்துப் பாடு அப்படி. வீட்டுல கூப்பிட்ட பேரு எதுன்னு கேட்டுட்டு வாங்கன்னு மட்டும் சொல்லுவேன். பொறந்த தேதிக்கும் கோயில் புக்கைத்தான் நான் நம்புவேன், பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்காக வாத்தியாரே மே, ஜூன்னு ஒரு தேதி போட்டதெல்லாம் நம்ம எல்லார் வீட்டுலயும் நடந்ததுதானே.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். மலேசியாவுல இருந்து ஒரு தம்பி வந்தாரு, பேரு ஊரெல்லாம் இங்க மாத்தித்தான் சொல்றேன். தாத்தாவோட அப்பா சவேரிமுத்து, 1920கள்ல, தோட்டத்துக்கு ஆள் சேத்துக் கூட்டிட்டுப் போற கங்காணி கூட கப்பல் ஏறினவரு. 1938-ல அந்த கங்காணி முறையில ஆள் அனுப்பறதையே நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் போக்குவரத்து கொறைஞ்சு போயி கடிதாசியும் நின்னுபோச்சு. அவருகிட்ட இருந்தது சவேரிமுத்து, சம்சாரம் ஆரோக்கியம், ஏற்காடு, இவ்ளோதான். "அக்கா, இன்னிக்கே பாத்துரலாமா, நாளைக்கு ஃபிளைட்"டுன்னாரு. ரிஜிஸ்தரைத் தொறந்தா அந்தக் காலத்துல சவேரிமுத்துங்க வரிசையா நிக்கறாங்க, அதுல பாதிப் பேருக்கு சம்சாரம் ஆரோக்கியம். பாவம், அவர் முகம் வாடிருச்சு.

நான் கேட்டேன், "தம்பி, உங்க வீட்டுல வேற யார் பேராவது சொல்லுவாங்களா, மலேசியா வராம இங்கயே தங்கிட்டவங்க யாராவது?" கொஞ்சம் யோசிச்சுட்டு அவங்க அம்மாவுக்கு வாட்ஸப்ல போன் போட்டாரு. அந்தம்மா அங்கிருந்து சொல்றாங்க, "லூர்தம்மா அத்தைன்னு ஒருத்தங்க, கப்பல் ஏறும்போது அழுதுட்டே மெட்ராஸ் வரைக்கும் வந்தாங்களாம், தாத்தா சாகற வரைக்கும் அவங்களைத்தான் சொல்லிட்டிருந்தாரு." அது போதும்னு தோணுச்சு. நம்ம ஜனங்கள்ல பிள்ளைக்கு ஞானத்தாயா யாரை நிறுத்துவாங்க? முதல் பிள்ளைக்கு பெரும்பாலும் அத்தையைத்தான். அந்த சவேரிமுத்துங்க ஒவ்வொருத்தரோட பிள்ளைங்க ஞானஸ்நானத்தையும் எடுத்து, பேரைப் பாக்காம மாத்ரினா யாருன்னு மட்டும் பாத்துட்டே வந்தோம். ஒரே ஒரு சவேரிமுத்து வீட்டுலதான் ரெண்டு பிள்ளைங்களுக்கு லூர்தம்மா நின்னிருக்காங்க. அப்புறம் கல்யாண ரிஜிஸ்தர்ல லூர்தம்மாவைத் தேடினோம், அப்பா பேரு அங்க இருக்கு, சவேரிமுத்து கல்யாணத்துல இருக்கற அப்பா பேரும் அதேதான், ரெண்டு பேருக்கும் சொந்த ஊரு ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம்னு போட்டிருக்கு. அந்தப் பக்கம் காக்காவேரி மாதிரி ரொம்பப் பழைய பங்குங்க இருக்கு, இந்த மலைக்கு வர்றதுக்கு முந்தின தலைமுறை அந்தப் பக்கத்துப் புக்குலதான் இருக்கணும், அங்க போய்க் கேளுங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன். லூர்தம்மாவோட வாரிசுங்க வழியும் அதுல தெரிஞ்சுது, மலையிலயேதான் இருக்காங்க. தம்பி ஃபிளைட்டை மாத்திட்டாரு.

இது அதிர்ஷ்டம் கிடையாது. ஒரு எஸ்டேட் லைன்ல பத்து குடும்பம் இருந்தா அவங்களுக்குள்ளயேதான் ஞானத்தகப்பன், ஞானத்தாய், கல்யாண சாட்சி எல்லாம். கீழ ஒரே ஊர்ல இருந்து ஒரே கங்காணி கூட்டிட்டு வந்த ஜனங்க அவங்க. அதனால உங்க ஆளுக்கு ஊர் பேரு எழுதலேன்னா, அவருக்கு சாட்சி நின்னவருக்கு எழுதியிருப்பாங்க. ஊர் பேரு கிடைச்சா அது எந்த மாவட்டம்னு இன்னிக்கு மேப்பை வச்சு முடிவு பண்ணிராதீங்க, 1965 வரைக்கும் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் ஜில்லாதான், நாமக்கல் 1997 வரைக்கும் நம்ம கூடத்தான் இருந்துச்சு. சேலம் மறைமாவட்டமும் 1930-ல பாண்டிச்சேரி, கும்பகோணம், மைசூர் மூணுலருந்தும் பிரிச்சு உண்டாக்கினதுதான், அதனால அதுக்கு முந்தின கடிதாசி ஏதாவது வேணும்னா அந்த ஊருங்களையும் நினைச்சுப் பாக்கணும்.

கல்யாண ரிஜிஸ்தர்ல இன்னொரு பொக்கிஷம் இருக்கு, இதை நிறையப் பேர் கவனிக்கறதில்ல. நம்ம ஊர்ல மாமன் மகளைக் கட்டறது, அக்கா மகளைக் கட்டறது வழக்கம், ஆனா திருச்சபை சட்டப்படி அது நெருங்கின ரத்த உறவு, பிஷப் கிட்ட இருந்து டிஸ்பென்சேஷன், அதாவது விலக்கு வாங்கினாத்தான் தாலி கட்ட முடியும். வாங்கினா எத்தனையாவது டிகிரி உறவுன்னு எழுதியே ஆகணும். பழைய புக்குல இரண்டாவது டிகிரின்னு இருந்தா மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரே தாத்தா பாட்டியோட பேரப்பிள்ளைங்க. அந்த ஒரு வரியில ரெண்டு குடும்பமும் ஒண்ணாயிருது. அப்புறம் 1908-ல இருந்து ஒரு சட்டம் வந்துச்சு, எங்க கல்யாணம் நடந்தாலும் அதை ஞானஸ்நானம் வாங்கின பங்குக்கு தெரிவிச்சு, அங்க பேருக்கு நேரா ஓரத்துல எழுதணும்னு. ஞானஸ்நானப் பக்கத்தை போட்டோ எடுக்கறவங்க நடுவுல இருக்கற எழுத்தை மட்டும் எடுத்துட்டு ஓரத்தை விட்டுடறாங்க, அந்த ஓரத்துலதான் பொண்ணு எந்த ஊருக்கு வாழப்போனான்னு இருக்கும்.

மரண ரிஜிஸ்தரை நான் சும்மா புரட்டறதில்ல, யாராவது கேட்டாத்தான் எடுப்பேன். 1918 கடைசி மாசங்கள்ல இன்ஃப்ளுயன்சா வந்தப்போ வரி வரியா, ஒரே வீட்டுல அடுத்தடுத்து. கீழ சமவெளிப் பங்குங்கள்ல 1876-ல இருந்து 1878 வரைக்கும் பஞ்சத்துல சேலம் ஜில்லா அடிபட்டது தெரிஞ்சதுதான், அந்த வருஷங்கள்ல குடும்பம் திடீர்னு காணாமப் போச்சுன்னா அதையும் நினைச்சுக்கோங்க.

ரெண்டு விஷயத்துல நான் ரொம்ப ஜாக்கிரதையா இருப்பேன். அப்பா பேரு இருக்கற இடத்துல பாத்ரே இக்னோத்தோன்னு, அதாவது தகப்பன் தெரியலேன்னு எழுதியிருக்கும். எஸ்டேட் மலையில அதுக்குப் பின்னால என்னென்ன கதை இருந்திருக்கும்னு வர்றவங்களுக்கும் தெரியும். அந்தப் பக்கம் வந்தா மத்தவங்களை வெளிய உக்கார வச்சுட்டு சம்பந்தப்பட்டவங்களுக்கு மட்டும் காட்டுவேன், அதுல நிக்கற அம்மா பேரைத்தான் முதல்ல படிப்பேன், ஏன்னா அந்தப் பொண்ணுதான் பிள்ளையைத் தூக்கிட்டு கோயிலுக்கு வந்திருக்கா. இன்னொண்ணு, சில பழைய புக்குல சாதியும் எழுதியிருக்காங்க. அதை நான் சத்தமா படிக்க மாட்டேன், யாராவது கேட்டா போட்டோ எடுத்து வெளிய போடாதீங்கன்னு சொல்லுவேன். ஒரு தடவை ஒருத்தர் பக்கத்து வீட்டுக்காரங்களோட பழைய பக்கத்தைக் காட்டச் சொன்னாரு, முடியாதுன்னுட்டேன். உங்க குடும்பத்தைத் தேடிக்க உங்களுக்கு உரிமை இருக்கு, அடுத்தவங்க குடும்பத்தைத் தோண்ட இல்ல.

புக்கு நிலைமை சொல்லணும்னா, இந்த மலை ஈரத்துக்கு பேப்பர் தாங்கறதே பெரிய விஷயம். பழைய மை இரும்பு கலந்தது, வருஷம் ஆக ஆக எழுத்து இருக்கற இடத்துலயே பேப்பரை அரிச்சிருது, மீதிக்கு ராமபாணப் பூச்சி. பாதுகாக்கறேன்னு யாராவது லேமினேஷன் பண்ணலாம்னா தயவுசெஞ்சு வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்துல வச்சு, ஃபிளாஷ் இல்லாம போன்ல எடுத்தாலே போதும், மங்கின எழுத்து நேர்ல தெரியறதை விட போட்டோல பெருசு பண்ணினா நல்லாத் தெரியும்.

இப்போ ஃபாதர் சம்மதத்தோட எல்லாத்தையும் எக்செல்ல ஏத்திட்டிருக்கோம், சாயந்தரம் காலேஜ் பிள்ளைங்க ரெண்டு மூணு பேர் வந்து உதவி பண்றாங்க. பேரு, அப்பா, அம்மா, தேதி போதும், சீக்கிரம் முடிச்சிரலாம்னு அவங்க சொன்னாங்க. நான் ஒத்துக்கல. ஞானத்தகப்பன், ஞானத்தாய், சாட்சி, ஓரக்குறிப்பு எல்லாத்துக்கும் தனித்தனி பத்தி போட வச்சிருக்கேன். வேலை ரெண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். ஒரு பொண்ணு முந்தாநாள் அந்த ஞானத்தாய் பத்தியை அகரவரிசைப்படுத்திப் பாத்துட்டு, "ஆன்ட்டி, இந்த ஒரு அம்மா மட்டும் இந்த லைன்ல பாதிப் பிள்ளைங்களுக்கு ஞானத்தாயா இருக்காங்க, இவங்க மருத்துவச்சியா இருந்திருப்பாங்களோ"ன்னு கேட்டா. இருக்கலாம், பிரசவம் பாத்தவங்களே பிள்ளையைத் தூக்கிட்டு வந்து நிக்கறது உண்டு. அந்த அம்மாவோட மரண வரியை இப்போ தேடிட்டிருக்கோம். நீங்க வர்றதா இருந்தா வீட்டுப் பெரியவங்ககிட்ட தாத்தா பேரோட நிறுத்தாம, தாத்தா கூடப் பொறந்தவங்க, அவங்க பிள்ளைங்களுக்கு ஞானத்தாய் யாரு, கல்யாணத்துல சாட்சிக் கையெழுத்து போட்டது யாருன்னு கேட்டு எழுதிட்டு வாங்க.