ரெண்டு பேஸ், ஒரே கச்சேரி

போன வருஷம் கோபி பக்கம் ஒரு ஊரில் மாரியம்மன் நோம்பி, எங்கள் மெல்லிசைக் கச்சேரி. பாதியில் நாலு கம்பி பேஸ் கிட்டாரை வைத்துவிட்டு அஞ்சு கம்பியை எடுத்தேன். முதல் மீட்டிலேயே மேடைப் பலகை கிடுகிடுத்தது, பாடகர் குரல் அமுங்கிப் போனது. மிக்ஸரில் இருந்த தம்பி ஓடி வந்து, "அண்ணா, ரொம்ப இரையுதுங்க, குறைங்க" என்றான்.

என் நாலு கம்பி பாஸிவ், அதாவது உள்ளே பேட்டரி கிடையாது. அஞ்சு கம்பிக்குள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கும் சின்ன சர்க்யூட், இருக்கிறது. அது அனுப்பும் சிக்னலே பெரியது. (ஒயரைச் செருகியே வைத்தால் பேட்டரி இறங்கிவிடும், கவனம்.) அதோடு அதன் தாழ்ந்த பி கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸ். நாலு கம்பியின் தாழ்ந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். திடலில் அடுக்கிய சப்வூஃபரில் அந்த வித்தியாசம் அடிவயிற்றில் தெரியும்.

கிட்டாரிலேயே வால்யூமைத் திருகிச் சமாளிப்பது எனக்குச் சரிப்படவில்லை. அவசரத்தில் குமிழ் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது சவுண்ட் செக்கில் சத்தம் கூடின பேஸுக்குத்தான் முதலில் மிக்ஸரில் கெயின் (உள்ளே வரும் சிக்னலின் அளவு) வைக்கச் சொல்கிறேன். சத்தம் குறைந்த மற்றதுக்கு, சிக்னலைத் தூக்கிவிட ஒரு பூஸ்ட் பெடல். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து வாசிக்கும்போது அளவு பார்த்து, அந்தப் பெடலின் குமிழ் நிற்கும் இடத்தில் வெள்ளை டேப் ஒட்டிவிடுவேன். மாற்றும்போது ட்யூனர் பெடலை மிதித்தால் ஒலி அடங்கும், ஒயர் பிடுங்கும் 'டப்' வெளியே போகாது.

நேற்று அதே ஊர், அதே தம்பி. மூன்று முறை மாற்றினேன். அவன் மிக்ஸரை விட்டு எழவே இல்லை.