நெஞ்சில் கத்திக்குத்து: எக்ஸ்ரேக்கு முன்னால்

கத்தி நெஞ்சிலேயே நின்றால் வழியில் யாரும் பிடுங்காதீர்கள். கிழிந்த ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம். ஆபரேஷன் தியேட்டரில்தான் எடுக்க வேண்டும்.

மூச்சுத் திணறல், சரியும் பிரஷர், ஒரு பக்கம் மூச்சொலியே இல்லை என்றால் டென்ஷன் நியூமோதோராக்ஸாக இருக்கலாம்; அதாவது நெஞ்சுக்குள் காற்று அடைபட்டு நுரையீரலையும் இதயத்தையும் அழுத்துவது. எக்ஸ்ரேக்குக் காத்திருந்தால் ஆள் போய்விடுவார். பெரியவர்களுக்கு 5-வது விலா இடைவெளியில், அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால், ஊசியாலோ விரலாலோ காற்றைத் திறந்துவிட்டு 28 முதல் 32 ஃப்ரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு) டியூப் போட வேண்டும். விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே நுழையுங்கள். கீழ் விளிம்பில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன.

போட்டதுமே 1500 மில்லிக்கு மேல் ரத்தம் வந்தாலோ, மணிக்கு 200 மில்லி வீதம் 2 முதல் 4 மணி நேரம் தொடர்ந்தாலோ நெஞ்சைத் திறக்க யோசிக்கும் கட்டம். பயந்துபோய் டியூபைக் கிளாம்ப் செய்தால் ரத்தம் நிற்காது, உள்ளே தேங்கும்.

அதிகம் ஏமாற்றுவது இதயம். இதய உறைக்குள் ரத்தம் தேங்கி அழுத்தினால் கழுத்து ரத்தக்குழாய் புடைக்கும் என்று பாடத்தில் இருக்கும். ரத்தம் நிறையப் போனவருக்குப் புடைக்காது. ஸ்கேனில் இதய உறை சுத்தமாகத் தெரிந்தாலும், இடது நெஞ்சில் ரத்தம் இருந்தால் நம்பாதீர்கள். உறை கிழிந்து அந்தப் பக்கம் வடிந்திருக்கலாம்.

மார்புக் காம்புக்குக் கீழே குத்து என்றால் வயிற்றையும் பாருங்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் கிழிசல் சிடி ஸ்கேனிலும் தப்பிவிடலாம். இடது பக்கம் சந்தேகம் இருந்தால் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது).