சொகுசு காரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்

பெரிய ஐரோப்பியக் கார் ஒன்றை ஓட்டினேன் என்று வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு அடிச்சே?" என்பதுதான். 200-ஐத் தொட்டதா, 100 வர எத்தனை வினாடி, இதுதான் எல்லாருக்கும் வேண்டும். எனக்கு இந்தக் கணக்கில் சுவாரசியம் போய் ரொம்ப நாளாகிறது. பேட்டரியில் ஓடும் குடும்பக் கார்களில் சிலவே இப்போது ஆறேழு வினாடியில் 100-ஐத் தாண்டிவிடுகின்றன, அதற்காக யாரும் மெர்சிடிஸ் பென்ஸின் பெரிய காரான எஸ் கிளாஸ் வாங்க வேண்டியதில்லை. இந்த கார்களுக்குக் கொட்டிக் கொடுக்கும் காசு எங்கே போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் 10, 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது, பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து வளைத்து வளைத்து மேலே ஏற்றும்போது, சிக்னலில் நிறுத்தும்போது.

முதலில் பிரேக். கார் நிற்கப் போகும் அந்தக் கடைசி ஒரு மீட்டரில் உள்ளே இருப்பவர்களின் தலை லேசாக முன்னால் போய்ப் பின்னால் வரும், கவனித்திருப்பீர்கள். நல்ல டிரைவர்கள் நிற்பதற்கு ஒரு நொடி முன்னால் பெடலைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அதைச் சரிக்கட்டுவார்கள். அப்படி விட்டுக்கொடுக்க பெடல் இடம் தர வேண்டும். எஸ் கிளாஸில் அந்த இடம் இருக்கிறது: தொட்டதும் சட்டென்று பிடிக்காது, அழுத்த அழுத்தக் கூடிக்கொண்டே போகும். முதல் நாள் ஓட்டுபவருக்கு "என்ன இது, பிரேக்கே பிடிக்கலையே" என்று தோன்றலாம், ஆனால் கொஞ்ச நேரத்தில் பாதமே கற்றுக்கொள்ளும். இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் கார்களில்தான் இது சிக்கல். முதலில் மோட்டார் வேகத்தைக் குறைத்து மின்சாரமாக மாற்றுகிறது, வேகம் ரொம்பக் குறைந்ததும் மோட்டாரால் முடியாமல் போக, பிரேக் பேட் வேலையை வாங்கிக்கொள்கிறது. அந்தக் கைமாற்றம் காலுக்குத் தெரியக்கூடாது. நான் ஓட்டிய ஒரு விலையுயர்ந்த ஹைப்ரிட்டில் (பெயர் வேண்டாம்) ஒவ்வொரு சிக்னலிலும் தெரிந்தது. இருக்கையில் மசாஜ் எல்லாம் இருந்தது, அது வேறு விஷயம்.

அப்புறம் ஸ்டியரிங். "ஓட்டுவதற்கு பிஎம்டபிள்யூ, உட்கார்ந்து போவதற்கு பென்ஸ்" என்று ஒரு வசனம் காலங்காலமாகச் சுற்றிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டபிள்யூ124 என்ற குறியீட்டால் அறியப்படும் 1980-களின் பென்ஸில், உருளும் இரும்புக் குண்டுகள் வழியாகச் சக்கரத்தைத் திருப்பும் பழைய வகை ரீசர்குலேட்டிங் பால் ஸ்டியரிங்தான். நடுவில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், வளைவில் அவசரப்படுத்தினால் பிடிக்காது. ஆனால் நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது அந்தத் தளர்வுதான் வரம், கையைச் சும்மா வைத்திருந்தால் போதும், கார் தன் பாட்டுக்குப் போகும். நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கும்போது தோள் வலிக்காது. அதுவும் ஓட்டும் சுகம்தானே? மறுபக்கம் பிஎம்டபிள்யூ. 1995-ல் வந்த 5 சீரிஸில் (இ39 என்பார்கள்), அதுவும் ஆறு சிலிண்டர் இன்ஜின் போட்டதில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கைப் பிடித்தால் டயருக்குக் கீழே சாலை எப்படி மாறுகிறது என்று விரலுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். எலக்ட்ரிக் ஸ்டியரிங் வந்த பிறகு துல்லியம் கூடியிருக்கிறது, பேச்சு குறைந்திருக்கிறது. ஸ்போர்ட் மோடில் போட்டால் கனமாகிறது, அவ்வளவுதான். கனம் வேறு, உணர்வு வேறு.

பின் சக்கரமும் சேர்ந்து திரும்பும் ஏற்பாடு மட்டும் புதிய கார்களில் என்னை முழுசாக மடக்கிய விஷயம். 2020-ல் வந்த எஸ் கிளாஸில் கேட்டு வாங்கினால் பின் சக்கரங்கள் 10 டிகிரி வரை திரும்பும். ஐந்தே கால் மீட்டருக்கு மேல் நீளமுள்ள கார் 11 மீட்டருக்குள் வட்டமடிக்கிறது. மெதுவாகத் திருப்பும்போது முன் சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் பின் சக்கரம் போவதால், முதலில் ஓட்டும்போது வண்டியின் பின்பாதியை யாரோ வெளியே தள்ளிவிட்டது போல முதுகில் ஒரு விநோத உணர்வு. பத்து நிமிடத்தில் பழகிவிடும். அப்புறம் அது இல்லாத காரில் ஏறினால் ஏதோ லாரியைத் திருப்புவது போல இருக்கும்.

ஆடி ஏ8 பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1994-லிருந்தே அலுமினிய உடல், நாலு சக்கரத்துக்கும் சக்தி தரும் குவாட்ரோ, மழையில் மற்றவர்கள் தயங்கும் இடத்தில் தயங்காமல் போகும். இன்ஜின் முன் அச்சுக்கு முன்னால் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் இறுக்கமான வளைவில் மூக்கு வெளியே இழுக்கும். நல்ல கார், மனதில் நிற்காத கார்.

கியர்பாக்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் ஆட்டோமேட்டிக் 2009-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்தது. அதற்குப் பிறகு ஆடி, ஜாகுவார், பென்ட்லி, ரோல்ஸ் ராய்ஸ் என்று எல்லார் வீட்டிலும் அதே குடும்பத்துப் பெட்டிதான். ஆனால் பிஎம்டபிள்யூவில் ஸ்போர்ட் மோடில் கியர் மாறும்போது முதுகில் ஒரு சின்ன தட்டு வைப்பார்கள், வேண்டுமென்றே. அதே பெட்டி ரோல்ஸ் ராய்ஸில் எப்போது மாறியது என்றே தெரியாது. போதாக்குறைக்கு ஜிபிஎஸ் மூலம் முன்னால் வரும் வளைவைப் பார்த்து கியரைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்கிறது. ரோல்ஸ் ராய்ஸில் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரே கிடையாது, இன்ஜினின் சக்தியில் இன்னும் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும் முள்தான். சாதாரணமாக ஓட்டினால் அந்த முள் 100-ஐ விட்டு நகரவே மனசில்லாமல் நிற்கும்.

ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் அவர்களுடைய கோஸ்ட் மாடல் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2020-ல் வந்ததில் ஒலித்தடுப்புப் பொருள் மட்டுமே 100 கிலோவுக்கு மேல். அப்படி எல்லா சத்தத்தையும் அடைத்த பிறகு, அமைதி அதிகமாகி உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். கடைசியில் காரின் பாகங்களையெல்லாம் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு ஒலி இருக்கும்படி செய்தார்கள். சஸ்பென்ஷனிலும், முன்சக்கரத்தைத் தாங்கும் மேல் கையான விஷ்போனுக்கு மேலே, குலுக்கலை அடக்கும் டேம்பர் கூடுதலாக ஒன்று. ஆனால் எனக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை, அந்த ஸ்டியரிங் வளையம். மெலிசாக இருக்கும், அதை இறுக்கிப் பிடித்து ஓட்டவே முடியாது, விரல் நுனியில்தான் ஓட்ட வேண்டும். ஓட்டுபவரையே நிதானமாக்கிவிடுகிறது.

சொகுசான சஸ்பென்ஷன் என்றால் மெத்தென்று இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு மேட்டைக் கடந்த பிறகு உடல் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கினால் அது ஊஞ்சல். ஐரோப்பியர்களின் கைத்திறன் தெரிவது, ஒரே தடவை ஏறி, இறங்கி, அடங்கிவிடுவதில். 1968-ல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே, ஏர் சஸ்பென்ஷன் எதுவும் இல்லாமல், சாதாரண காயில் ஸ்பிரிங்கையும் ரப்பர் புஷ்களையும் வைத்தே இதைச் சாதித்தது. அதற்கும் முன்னால் 1955-லேயே சிட்ரோயன் டிஎஸ் வாயுவையும் எண்ணெயையும் வைத்து ஒரு சஸ்பென்ஷன் செய்தது, அதன் ஹைட்ராலிக் தொழில்நுட்பத்தின் உரிமத்தை ரோல்ஸ் ராய்ஸே வாங்கி 1965-ன் சில்வர் ஷேடோவில் பயன்படுத்தியது.

இப்போது மெர்சிடிஸ் 2013-லிருந்து கேமரா வைத்து முன்னால் உள்ள மேட்டைப் படித்து டேம்பரைத் தயார் செய்கிறது, போர்ஷே பனமேரா வளைவில் பைக் போல உள்பக்கமாகச் சாய்கிறது. எல்லாம் சரி, ஆனால் இவ்வளவும் செய்துவிட்டு 21 அங்குல வீலை மாட்டுகிறார்கள்! டபிள்யூ124-க்கு 15 அங்குலம் போதுமாக இருந்தது. டயரின் பக்கச்சுவர்தான் முதல் ஸ்பிரிங், அதை இரண்டு விரல் உயரத்துக்குச் சுருக்கிவிட்டால் பிறகு என்ன ஏர் சஸ்பென்ஷன் போட்டாலும் கூரான குழி விளிம்பில் "டக்" என்று கேட்கத்தான் செய்யும். பெரிய வீலின் எடையும் சேர்ந்துகொள்கிறது. காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர் என்றால் பக்கச்சுவர் இன்னும் விறைப்பு. படத்தில் அழகாகத் தெரியட்டும் என்று வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், பட்டியலில் இருக்கும் மிகச் சின்ன வீல்.

டச் ஸ்கிரீன் பற்றி எழுதினால் கோபம்தான் வரும். 2001-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில், திரையைத் தொடாமல் திருகியே இயக்கும் ஐடிரைவ் குமிழ் வந்தபோது திட்டாதவர்கள் குறைவு. இன்றைக்கு ஏசியைக் குறைக்க நாலு தடவை கண்ணாடியைத் தடவ வேண்டிய கார்களைப் பார்த்த பிறகு அந்தக் குமிழுக்குக் கோயில் கட்டலாம் போலிருக்கிறது.

மின்சாரக் கார்களில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. மெதுவாக ஊர்வதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை, பெரும்பாலும் கியர் மாற்றமே இல்லாததால் தடங்கலே இல்லை. ஆனால் பிஎம்டபிள்யூவின் மின்சாரக் கார் ஐ7 இரண்டரை டன்னுக்கு மேல், ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பெக்டர் ஏறக்குறைய 2.9 டன், அந்த எடை வளைவிலும் பிரேக்கிலும் எங்கேயோ தெரிகிறது. இன்ஜின் சத்தம் போனதும் டயர் சத்தம் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. கோஸ்ட்டின் வி12-ஐ மோட்டாராக மாற்றினால் எனக்குப் பெரிய இழப்பில்லை, எப்படியும் கேட்காத இன்ஜின்தான் அது. 2024-ல் பென்ட்லி நிறுத்திய டபிள்யூ12 என்ற 12 சிலிண்டர் இன்ஜின் அப்படி இல்லை. ஆக்சிலரேட்டரைச் சும்மா ஒரு அங்குலம் அழுத்தினால் போதும், அடித்தொண்டையில் ஒரு உறுமல், பிறகு அவசரமே இல்லாமல் ஒரு தள்ளல். மின்சாரத்தில் தள்ளலுக்குக் குறைவில்லை. அந்த உறுமலை ஸ்பீக்கரில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால், தயவுசெய்து வேண்டாம்.