மாருதி 800: ஆயில் சேம்பரில் மரை போனதும், புதுசாகக் கடைந்து பற்றவைத்ததும்

வீட்டில் இருப்பது அப்பா வாங்கிய 1999 மாடல் 800. போன மாதம் ஒரு நாள் விடியலில் வாசல் தெளிக்கப் போன அம்மா, கோலம் போடுகிற இடத்தில் கருப்பாக ஒரு வட்டம் கிடக்கிறதென்று கூப்பிட்டார். வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டிதான் ஆயில் சேம்பர். அதிலிருந்து ஆயிலை வடிக்கக் கழற்றுகிற ட்ரெயின் போல்ட்டின் தலையில் ஒரு சொட்டு ஆயில் தொங்கிக்கொண்டிருந்தது.

17-ம் நம்பர் ஸ்பேனர் போட்டு லேசாக இறுக்கினேன். போல்ட் சுற்றியது, இறுகவில்லை. இன்னும் கால் சுற்று. அப்போதும் இறுகவில்லை. மரை, அதாவது போல்ட் பிடிக்கிற திருகுப் பள்ளம், போய்விட்டதென்று கைக்கே தெரிந்தது.

போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டுப் பார்த்தால், போல்ட்டின் பள்ளத்தில் மெல்லிய கம்பி ஒன்று சுற்றியிருந்தது. நகத்தால் நெம்பியதும் ஸ்பிரிங் மாதிரி உரிந்து வந்தது. சேம்பருக்குள் பற்றவைத்திருந்த நட்டின் மரைதான் அது. மூன்று சுற்று அப்படியே பிய்ந்திருந்தது. பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இதற்குக் காரணம் வாசர்தான் என்பது என் முடிவு. வழக்கமாக ஆயில் மாற்றிய பட்டறையில் ஒவ்வொரு முறையும் பழைய வாசரையே போட்டிருக்கிறார்கள். செம்பு வாசர் ஒருமுறை நசுங்கினால் கெட்டியாகிவிடும், அடுத்த முறை சரியாக உட்காராது. கசிகிறதே என்று ஸ்பேனரில் பைப் சொருகி இறுக்குவார்கள். இந்த போல்ட்டுக்கு 35 நியூட்டன் மீட்டர் போதும். ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் பன்னிரண்டு கிலோ தொங்கினால் வருகிற முறுக்கு, அவ்வளவுதான். இரண்டடி பைப்பில் ஆள் பலத்தைக் காட்டினால் எந்த மரையும் தாங்காது.

டெஃப்லான் டேப் சுற்றிப் போடு என்றார்கள் சிலர். டேப் சொட்டை நிறுத்தலாம், போல்ட்டைப் பிடித்து நிறுத்தாது. ஓடும்போது போல்ட் விழுந்தால் இன்ஜினே போய்விடும். தானே மரை வெட்டிக்கொண்டு போகிற பெரிய சைஸ் போல்ட் இருக்கிறது. அது கோணலாக இறங்கினால் வாசர் ஒரு பக்கம்தான் அழுந்தும், வெட்டுகிற தூளும் உள்ளேயே விழும். துளைக்குள் புது மரையாகக் கம்பிச் சுருள் பொருத்துகிற ஹெலிகாயில் நல்ல வழிதான், அலுமினிய சேம்பராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். இது தகடு சேம்பர். நட்டும் ஒரு பக்கம் பற்று விட்டு அசைந்தது. 800 உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சேம்பர் இரண்டு பார்த்தேன், இரண்டிலும் மரை என்னுடையதைப்போலவே தேய்ந்திருந்தது.

ஆகவே சேம்பரைக் கழற்றினேன். ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. கழற்றியது நல்லதாகப் போயிற்று: அடியில் மசிக் குழம்புக்குள் இரும்புத் துணுக்குகள், ஆயில் பம்பின் சல்லடையில் பழைய சீலன்ட்டின் துண்டுகள். சேம்பரைக் காஸ்டிக் சோடா வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பற்று ஒட்டாது.

திங்கட்கிழமை அதை அரிசிச் சாக்கில் சுற்றி, பொள்ளாச்சியிலிருந்து உக்கடம் பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கணபதிக்குப் போனேன். மில்லும் பம்பு மோட்டாரும் வளர்த்துவிட்ட லேத் பட்டறைகள் அங்கே சந்துக்குச் சந்து உண்டு.

"ஏனுங்ணா, வேற நட்டு வெச்சுப் பத்த வெச்சரலாங்களா?"

பட்டறைக்காரர் சேம்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடை நட்டு வேண்டாம் தம்பி, ஒசரம் பத்தாது. நானே கடஞ்சு தாரனுங்க. சித்த உக்காருங்க."

25 மில்லிமீட்டர் இரும்பு ராடில் 15 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு புஷ், அதாவது நட்டு மாதிரி ஒரு வளையம், கடைந்தார். பன்னிரண்டரை மில்லிமீட்டர் துளை, அதில் மரை வெட்ட 14-க்கு ஒன்றரை டேப் என்கிற வெட்டுக் கருவி. டேப்பை லேத்தின் பின்முனையான டெயில்ஸ்டாக்கில் தாங்கவிட்டு, புஷ்ஷைப் பிடித்திருந்த 'சக்'கைக் கையால் சுற்றச் சொல்லி என்னிடமே கொடுத்தார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னால் திருப்பும்போது சீவல் உடைகிற சின்ன 'டிக்' கைக்கு வந்தது. அந்த 'டிக்' வராமல் முன்னே தள்ளினால் டேப்பே உடைந்துவிடும் என்றார்.

பழைய நட்டை கிரைண்டரில் எடுத்துவிட்டு, புஷ்ஷை உள்பக்கமாக வைத்தார். போல்ட் இறுகும்போது புஷ் தகட்டோடு அழுந்தும், பாரம் பற்றின் மேல் ஏறாது. மின் வெல்டிங் வைத்தால் தகடு ஓட்டையாகிவிடும் என்று கேஸில் பித்தளைப் பற்று. வெங்காரத்தைத் தூவி, தகடு செக்கச் சிவந்ததும் பித்தளைக் கம்பியைத் தொட்டார். உருகிய பித்தளை தண்ணீர் மாதிரி புஷ்ஷைச் சுற்றி ஓடி இடுக்குக்குள் இழுத்துக்கொண்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் நின்று பார்ப்பேன் அதை.

வீட்டில், வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, உள்ளே டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தேன். விடிந்து பார்த்தால் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது. சேம்பர் விளிம்பில் போல்ட் துளைகள் பழைய இறுக்கத்தில் குழிந்திருந்தன. அவற்றைக் கட்டையில் வைத்துத் தட்டி மட்டமாக்கினேன். இதை விட்டால் புது சீலன்ட் போட்டாலும் கசியும். பிறகு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சீலன்ட், நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கல், ஒரு நாள் காயவிடல்.

புது போல்ட், புது செம்பு வாசர். ஸ்பேனர் எடுக்கவே இல்லை, விரல் நுனியாலேயே கடைசி மரை வரை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அதன் பிறகுதான் முறுக்கை அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச், 35 நியூட்டன் மீட்டரில்.

போன சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசியும் ஏறி வால்பாறை போய் வந்தேன். இரவு வண்டிக்கடியில் செய்தித்தாள் விரித்தேன். காலையில் அம்மா அதை மடித்து எடுத்துவிட்டு அதே இடத்தில் கோலம் போட்டார். அடுத்த ஆயிலுக்கு இரண்டு வாசர் வாங்கி வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.